மையலுற்றோரும் மரத்துப்போனோரும்

பூம்புகாரின் பெருவீதி. தோளிலே அலரிப்பூ மாலை. மார்பிலே எருக்கம்பூ மாலை. கந்தலையும் ஒடித்த மரக்கிளைகளையும் சேர்த்துக் கட்டியதே ஆடை. மேனியெங்கும் வெண்ணீறு. எதிர்ப்படுவோரிடமெல்லாம் பொருந்தாத சொற்களைப் பேசிக்கொண்டு வருகிறான் ஒருவன். ஒரு கணம் கதறல், மறுகணம் கைகூப்பல். திடீரென ஓட்டம் எடுக்கிறான்; ஓரிடத்தில் ஒதுங்கி நெடுநேரம் நிற்கிறான்; தன் நிழலையே பகைவன் எனக் கருதி அதனோடு மல்லுக்குப் போகிறான்.

சீத்தலைச் சாத்தனார், மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் தீட்டியிருக்கும் ஓவியம் இது. கல்லூரியில் நாம் இதனைப் படித்தபோது வருணனைத் திறனைப் பாராட்டி, தேர்விலே எழுதி, மதிப்பெண் பெற்று மறந்துவிட்டோம். ஆசிரியராகி மாணவர் முன் நின்று படித்துக் காட்டியபோதுதான் ஒன்று உறைத்தது. சாத்தனார் அந்த மனிதனோடு நிறுத்தவில்லை. அவன் பின்னே வருந்திச் சென்று, அவன் படும் துயரைக் கண்டு நின்றவர்களையும் காட்டுகிறார். அவர்கள் கல்லெறியவில்லை, கைகொட்டிச் சிரிக்கவில்லை, சங்கிலி தேடி ஓடவில்லை. செய்வதறியாது நின்றார்கள், ஆயினும் நின்றார்கள். அதே வீதியில் பேடியின் ஆடலைக் காண நின்ற கூட்டமும் உண்டு, ஆகையால் இவர்களுள்ளும் வேடிக்கை பார்த்தவர் இருந்திருக்கலாம் என்று வாதிடுவோர் வாதிடட்டும். கவிஞர் கண்ணில் பட்டது வருத்தம். அதனை அவர் எழுதினார்.

நாம் பணியாற்றுவது கீழக்கரையில். செத்தும் கொடுத்த சீதக்காதி பிறந்த ஊர்; முத்தும் சங்கும் எடுத்த கடலோரம். அந்த வகுப்பில் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். அவன் கேட்டது ஒரே கேள்வி.

"அவனுக்கு உம்மா இல்லையா, சார்?"

விடை நம்மிடம் இல்லை. சாத்தனாரிடமும் இல்லை. மையலுற்றவனைக் காட்டினார், வருந்தி நின்ற ஊராரைக் காட்டினார். அவனைப் பெற்றவள் எந்த வாயிற்படியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதைக் காட்டவில்லை. அந்த மாணவனுக்கு அந்தக் கேள்வி ஏன் தோன்றியது என்பதைப் பிறகு அறிந்தோம். அவனுடைய தமையன், படிப்பில் முந்தி நின்றவன், ஓராண்டாக வீட்டின் உள்ளறையில் இருந்தான். அந்த அறைக்கு வெளியிலிருந்து தாழ்.

தமிழ் இலக்கியம் அந்தத் தாழைத் திறந்து பார்த்ததா? மக்கட்பேறு என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். பிள்ளையின் தீண்டலும் மழலையும் தரும் இன்பத்தைச் சொன்னார். பிள்ளைத்தமிழ் என்றொரு இலக்கிய வகையையே படைத்து, குழந்தையின் வாழ்வைப் பத்துப் பருவங்களாக்கிப் பாடினோம். தாலாட்டினோம், சப்பாணி கொட்டச் சொன்னோம், நிலவை விளையாட அழைத்தோம். அத்தனை பருவங்களும் கடந்து, பதினெட்டு வயதில், புத்தகமும் கையுமாக இருந்த பிள்ளை உறக்கம் தொலைத்து, ஆளில்லாத அறையில் யாரோ பேசுவது கேட்கிறது என்று நடுங்கும் பருவத்தைப் பாடிய பிள்ளைத்தமிழ் எது? சிவனைப் பித்தன் என விளித்துப் பாடத் தொடங்கினார் சுந்தரர், பக்தர்கள் உருகினர். ஆண்டவனுக்குப் பித்துப் பிடித்தால் அது பெருமை. அண்டை வீட்டுப் பிள்ளைக்குப் பிடித்தால் அது பேய்!

பழம்பாட்டு போகட்டும். கோடிக்கணக்கான மக்களின் கண்ணையும் காதையும் கவர்ந்த திரைப்படம் என்ன செய்தது? 'மூன்றாம் பிறை' 1982இல் வந்தது. விபத்திலே தலையில் அடி, நினைவு தொலைகிறது. கடைசியில் மலையோரத்து வைத்தியரின் கைபட்டதும் மீள்கிறது. 2005இல் 'சந்திரமுகி' வந்தது. அதன் நாயகன் மனநோய் மருத்துவன். அமெரிக்காவில் பட்டம் பெற்றவன் என்று அறிமுகமாகிறான். ஆனால் அவன் செய்யும் சிகிச்சையோ பேயோட்டியின் மேடையில் அரங்கேறுகிறது! அதே ஆண்டின் 'அந்நியன்' ஒருவனுள் மூவரைப் புகுத்தி, நோயை வாள்வீச்சு வித்தையாக்கிற்று. 2012இல் வந்த '3', நோயை மனைவியிடமிருந்து மறைப்பதையே காதலின் சிகரமாக்கி, நாயகனின் தற்கொலையில் முடிந்தது. நம் திரையில் மனநோய் தலையில் விழும் அடியால் வரும், உச்சக்கட்ட அதிர்ச்சியால் போகும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என மாத்திரை விழுங்கி, மாதமொருமுறை மருத்துவமனை வரிசையில் நின்று, மெல்ல மெல்லத் தேறிய ஒருவனை அங்கே காண்பது அரிது. வரிசையில் நிற்பதை எப்படிப் பாட்டாக்குவது என்று இசையமைப்பாளர் கேட்பார் போலும்!

இவற்றினின்றும் விலக்கித் தனியே பேசவேண்டிய படம் 'சேது'. பாலா இயக்கியது; 1999 டிசம்பரில் வெளிவந்தது. கதைத்தலைவன் தாக்கப்பட்டு அறிவு கலங்குகிறான். மருத்துவம் கைவிட்டதும் வீட்டார் அவனைப் பாண்டி மடம் என்னும் இடத்தில் விடுகின்றனர். அங்கே மொட்டைத் தலைகள், வெறித்த கண்கள், கால்களிலே சங்கிலி. தமிழ்த்திரை அதுவரை பெரும்பாலும் நகைச்சுவைக்கே பயன்படுத்திய ஓர் உலகத்தை அந்தப் படம் முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தியது. அந்தத் துணிவை நாம் போற்றுகிறோம். ஆனால் நாம் எதற்காக அழுதோம்? கைகூடாத காதலுக்காக. அறிவு தெளிந்த நாயகன் ஒருவன் தவறாக அங்கே அடைபட்டிருக்கிறானே என்பதற்காக. தெளியாதவர்கள் சரியாகத்தான் அடைபட்டிருக்கிறார்களா என்னும் கேள்வி எழவில்லை. நாயகனைச் சுற்றிக் கட்டுண்டு கிடந்த அந்த மற்றவர்கள் திரைச்சீலையில் வரைந்த மரங்களைப் போல் இருந்தனர். அவர்களுக்குப் பெயரில்லை, ஊரில்லை, உம்மா இல்லை. சங்கிலி அழுகையைக் கூட்டும் அணியாக நின்றது, குற்றமாக நிற்கவில்லை.

இருபது மாதம் சென்றது. 2001 ஆகஸ்ட் 6. விடியற்காலை. கீழக்கரையை அடுத்த ஏர்வாடி.

சுல்தான் சையது இப்ராகிம் அடக்கமான தர்கா அங்கே உள்ளது. இந்துவும் கிறித்தவரும் முஸ்லிமும் வேறுபாடின்றி வரும் இடம். மனநோயுற்றோரை அங்கே கொண்டுவந்தால், விளக்கு எண்ணெயும் புனித நீரும் பெற்று, கனவிலே 'உத்தரவு' கிடைக்கும் வரை தங்கியிருந்தால் நலம் பெறலாம் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சுற்றித் தனியார் நடத்திய இல்லங்கள் முளைத்தன. மாதப் பணம் கட்டிப் பிள்ளையை விட்டுச்செல்லலாம். அவற்றுள் ஒன்று கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் தூணோடும் கட்டிலோடும் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தீ பிடித்தது. நெருப்பைக் கண்டால் ஓடவேண்டும் என்பதை அறியாத மனநோயாளர் இல்லை. கூரை எரிந்து விழுந்தபோது ஓட முயன்றவர்களைத் தடுத்தது நோயன்று, இரும்பு. 28 உயிர்கள்.

இதன்பின் நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். ஒரு வாரத்திற்குள் அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன; 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு மாற்றப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. சங்கிலியிடுவது சட்டத்துக்குப் புறம்பானது என்பதையும், மனநோயாளரை மருத்துவரிடம் அனுப்பவேண்டுமே அன்றிக் கோவிலுக்கும் தர்காவுக்கும் அன்று என்பதையும் நாடெங்கும் மக்களுக்கு உணர்த்துமாறு 2002 பிப்ரவரியில் ஆணையிட்டது. இல்லத்தை நடத்தியோர்க்கு 2007இல் ஏழாண்டுச் சிறை. உரிமம் இன்றி இத்தகைய இல்லம் நடத்தலாகாது என்னும் மனநலச் சட்டமோ 1987இலேயே இயற்றப்பட்டு, 1993இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதை இங்கே நினைவில் வைக்கவேண்டும். எட்டு ஆண்டுகள் சட்டம் ஏட்டில் உறங்கிற்று. சங்கிலி ஏர்வாடியில் விழித்திருந்தது.

இது ஒரு மதத்தின் குற்றம் என்று சுட்டுவிரல் நீட்ட விரைவோர் சற்றே பொறுத்தருள வேண்டும். திருச்சிக்கு அருகே குணசீலம் பெருமாள் கோவிலுக்கும், சோளிங்கர் மலைக்கும், தென்பாண்டிச் சீமையில் புளியம்பட்டி அந்தோனியார் கோவிலுக்கும் இதே நோயாளரை இதே நம்பிக்கையோடு இதே பெற்றோர் அழைத்துச் சென்றனர், செல்கின்றனர். வடக்கே உத்தரப் பிரதேசத்தில் சமய நிலையம் ஒன்றில் மனநோயாளர் சங்கிலியில் இருந்த செய்தி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது 2019இல்! எம்மதமும் சம்மதம் என்பார்களே, அந்தச் சமரசம் இந்தச் சங்கிலியிலேதான் முழுமையாக நிறைவேறியிருக்கிறது.

இனி நம்மைப்பற்றிப் பேசுவோம். பகுத்தறிவாளராகிய நாம் இத்தகைய இடத்திலே வழக்கமாகச் சொல்வது என்ன? மூடநம்பிக்கை! அறியாமை! இரண்டு சொற்களையும் வீசிவிட்டு, கடமை முடிந்ததெனத் தேநீர்க்கடைக்குத் திரும்புகிறோம்.

அந்த மாணவனின் வீட்டுக்கு நண்பர் ஒருவரோடு நாமும் சென்றோம். அவன் தாய் முற்றத்தில் அமர்ந்திருந்தாள். கணவர் கடல்கடந்து பிழைக்கப் போனவர். மகளின் நிச்சயம் முறிந்திருந்தது. காரணம் சொல்லாமலே முறித்தார்கள். காதிலும் கழுத்திலும் நகை இல்லை. மந்திரித்த தாயத்து, தகடு, எண்ணெய்க் குப்பி, எல்லாம் மாடத்தில் வரிசையாக இருந்தன. நாம் பேசினோம். நன்றாகவே பேசினோம். மூளையின் நோய் இது, முழங்கால் நோயைப் போல இதற்கும் மருத்துவர் உண்டு, மந்திரம் பயன்படாது, இந்தக் குப்பிகளைத் தூக்கி எறியுங்கள் என்றெல்லாம் மேடைக்குரிய ஏற்ற இறக்கத்தோடு சொன்னோம். அவள் முழுவதும் கேட்டாள்.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும், தம்பி. இன்னிக்கு ராத்திரி அவன் கதவை ஒடச்சிக்கிட்டு கடக்கரைக்கு ஓடுனா நான் யாரக் கூப்புடணும்? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

நாம் பட்டதாரி. நண்பரும் பட்டதாரி. வாய் அடைத்துப்போயிற்று.

தாழிடுபவள் கொடியவள் அல்லள். மூன்று இரவு கண்ணயராமல் காவல் இருந்து, நான்காம் இரவு தன்னை மீறி உறங்கிவிடுவோம் என அஞ்சுபவள் அவள். சங்கிலியின் ஒரு முனை பிள்ளையின் காலில். மறுமுனை கொடியவன் ஒருவன் கையில் இருப்பதாக நாம் எழுதுகிறோம், மேடையில் முழங்குகிறோம். மறுமுனையில் இருப்பது பெரும்பாலும் களைத்துப்போன ஒரு தாய். அவளைப் பழிப்பதில் அறிஞர் உலகமும் பின்வாங்கவில்லை. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்னும் மனநல அறிஞர், தாயின் நடத்தையே மனச்சிதைவை விளைவிக்கிறது என்னும் கருத்துக்குப் பெயரே சூட்டினார். மேல்நாட்டில் ஒரு தலைமுறைத் தாய்மார் அந்தப் பழியைச் சுமந்தனர். பின்வந்த ஆராய்ச்சி அதனைத் தள்ளிவிட்டது. நம் ஊரில் அதே பழிக்குப் பெயர் தோஷம், பில்லி, முற்பிறவி வினை.

மனச்சிதைவு உலகில் 300 முதல் 350 பேருக்கு ஒருவரைப் பிடிக்கும் நோய். பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். குலம் பார்த்து வருவதில்லை, கும்பிடும் தெய்வம் பார்த்தும் வருவதில்லை. குளோர்புரோமசீன் என்னும் மருந்து 1952இல் பாரிஸ் மாநகரில் மனநோய்க்குப் பயன்பட்டது முதல் இந்நோய்க்கு மருந்து உண்டு. மருந்தெல்லாம் மேனாட்டுச் சரக்கு என முகம் சுளிப்போர்க்கும் ஒரு செய்தி: சர்ப்பகந்தி வேர் மனநோய்க்குப் பயன்படும் என்று கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் 1931இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். இந்த மண்ணின் வேர் அது! மருந்து இல்லாத காலத்தில் சங்கிலிதான் வழி என்று இருந்ததோ என்றால், அதுவும் இல்லை. பாரிசில் பிசேத்ர் மருத்துவமனையில் சங்கிலிகளை நீக்கியவர் புஸ்ஸேன், ஆண்டு 1797. அவர் மருத்துவரல்லர்; அங்கே நோயாளியாக வந்து, தேறி, பணியாளராக உயர்ந்தவர். பினல் என்னும் மருத்துவரின் பெயரோடு உலகம் அந்தப் புகழைச் சேர்த்துவிட்டது. மருந்து வருவதற்கு 155 ஆண்டுகள் முன்னரே சங்கிலி கழன்றது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

நம் வாதத்துக்கு இடையூறான செய்தி ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. ஏர்வாடித் தீக்கு அடுத்த ஆண்டு, 2002இல், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ரகுராம் என்னும் மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தமிழ்நாட்டில் முத்துசாமி கோவில் ஒன்றில் உறவினர் துணையோடு சில வாரங்கள் தங்கிய 31 நோயாளரை அவர்கள் ஆராய்ந்தனர். மருந்து தரப்படவில்லை. ஆயினும் நோயின் கடுமை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தது. பகுத்தறிவாளர் இதனைக் கண்டு திகைக்கவேண்டுவதில்லை. சாமி வந்து தொட்டதாக அந்த ஆய்வாளர் எழுதவில்லை. தோட்டத்துக்கு நீர் ஊற்றுவது, இடத்தைத் தூய்மை செய்வது என எளிய வேலை இருந்தது, அச்சுறுத்தாத சூழல் இருந்தது, அது உதவியிருக்கலாம் என்றனர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வுதான். ஆனால் ஏர்வாடிக் கொட்டகையில் எது இல்லாதிருந்ததோ அதனை இது சுட்டிவிடுகிறது.

பெல்ஜியம் நாட்டில் கீல் என்றோர் ஊர் உண்டு. அதுவும் ஏர்வாடியைப்போல ஒரு புனிதத்தலம். திம்ப்னா என்னும் புனிதரின் பெயரால் எழுந்த கோவிலுக்கு, நடுக்காலத்திலிருந்தே மனநோயாளரை அழைத்துவந்தார்கள். கோவிலில் இடம் போதவில்லை. ஊரார் என்ன செய்தார்கள்? கொட்டகை போட்டுக் கட்டணம் வாங்கவில்லை. தத்தம் வீட்டிலே சேர்த்துக்கொண்டார்கள். வந்தவன் அந்த வீட்டு மேசையில் உண்டான், அந்த வீட்டு வயலில் உழைத்தான். 1850க்குப் பிறகு அரசு அதனை மருத்துவ மேற்பார்வையின்கீழ்க் கொண்டுவந்தது. 1930களில் 3,500க்கும் மேற்பட்டோர் அவ்வாறு குடும்பங்களில் வாழ்ந்தனர்; வழக்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. ஒரே வகை நம்பிக்கையிலிருந்து ஓரிடத்தில் வீடு முளைத்தது. மற்றோரிடத்தில் தூண் முளைத்தது. இதற்கு விடை வேதாந்தத்தில் கிடைக்காது. அரசு எப்போது வந்தது, எதனோடு வந்தது என்பதில் தேடவேண்டும்.

இங்கே எப்போது வந்தது? சென்னையில் மனநோய் இல்லம் 1794இல் தோன்றியது. கீழ்ப்பாக்கத்துக்கு 1871இல் இடம் மாறியது. இராமநாதபுரத்துக் கடலோரத் தாய்க்கு அது ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அந்த ஊரின் பெயரையே நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். ஏர்வாடியின் பெயரையும் அப்படியே. பள்ளி முற்றத்திலே பிள்ளைகள் ஒருவரையொருவர் "ஏர்வாடிக்கு அனுப்பிடுவேன்" என்று கேலி செய்வது நம் காதிலேயே விழுந்திருக்கிறது. அந்தப் பின்வரிசை மாணவன் தலைகுனிந்து நின்றதை அப்போது நாம் கவனிக்கவில்லை. மாவட்டந்தோறும் மனநல மருத்துவம் என்னும் திட்டம் 1996இல் தொடங்கியது. அதன் முதல் மாவட்டங்களுள் திருச்சியும் ஒன்று. இராமநாதபுரத்துக்கு அது வந்தது 28 பிணங்களைக் கடந்துதான். பின்னர் ஏர்வாடியிலேயே, வேண்டுதலுக்கு வருவோரை அரசு மனநல மருத்துவரும் பார்த்து மருந்து தரும் ஏற்பாடு அமைந்தது. வேண்டுதலைத் தடுக்காமல் மருந்தை அதன் பக்கத்தில் வைத்தார்கள். கொள்கையில் வளைந்துகொடுத்துவிட்டார்கள் என்று நம் தோழர் சிலர் முணுமுணுத்தனர். அந்த முணுமுணுப்பை நாம் ஏற்கவில்லை. 2017இல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, எவ்வகையிலும் எவ்வுருவிலும் சங்கிலியிடக்கூடாது என்கிறது. நல்ல சட்டம். 1987ஆம் ஆண்டுச் சட்டமும் நல்ல சட்டந்தான். தாயின் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஒருவர் இரவு பத்து மணிக்குக் கீழக்கரையில் இருக்கிறாரா என்பதைக் கொண்டுதான் சட்டத்தை அளக்கிறோம்.

வாய் அடைத்துத் திரும்பிய நாம் மறுவாரம் மீண்டும் அந்த வீட்டுக்குப் போனோம். இம்முறை சொற்பொழிவு கொண்டுபோகவில்லை. மாவட்ட மருத்துவமனையில் மனநோய்ப் பிரிவு இயங்கும் நேரத்தையும், போகும் பேருந்தின் நேரத்தையும், இரவிலும் அழைக்கத்தக்க 14416 என்னும் எண்ணையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போனோம். அந்த எண் 2022 முதல் அரசு நடத்துவது, தமிழிலே பேசலாம். பேருந்தில் தமையனின் ஒருபுறம் நாமும், மறுபுறம் பின்வரிசை மாணவனும் அமர்ந்தோம். அவன் வழியெல்லாம் சன்னலுக்கு வெளியே யாருடனோ பேசிக்கொண்டு வந்தான். முன்னிருக்கைக்காரர் எழுந்து வேறிடம் போனார். நடத்துநர் மட்டும், "காத்து வரட்டும், சன்னலைத் தொறந்து விடுங்க" என்று சொல்லிச் சீட்டுக் கிழித்தார்.

எட்டு மாதம் ஆயிற்று. முற்றாகத் தேறிவிட்டான் என்று எழுத நமக்கு உரிமையில்லை. உடல் பருத்திருக்கிறது; கை சற்று நடுங்குகிறது; மருத்துவர் ஒருமுறை மருந்தை மாற்றினார். இரண்டு நாள் மாத்திரையைத் துப்பிவிட்டுக் கதவை இடித்தான். அன்று இரவு அவள் 14416ஐ அழைத்தாள். உள்ளறையின் வெளித்தாழை இப்போது கழற்றியிருக்கிறார்கள். ஆணி பிடுங்கிய துளைகள் இருக்கின்றன. மாத்திரைப் பையை அவள் மாடத்தில்தான் வைத்திருக்கிறாள், தர்காவின் எண்ணெய்க் குப்பிக்குப் பக்கத்தில். குப்பியை எடுக்கச் சொல்லி நாம் இதுவரை மீண்டும் கேட்கவில்லை.

மணிமேகலைப் பாடத்தை இந்த ஆண்டும் நடத்தவேண்டும். அந்த மாணவன் மேல்வகுப்புக்குப் போய்விட்டான். அவன் கேட்ட கேள்வியை இம்முறை நாமே கேட்கப்போகிறோம்.